வெள்ளிக்கிழமை தூங்கிய மென்பொருள்

கற்பிட்டியில் நான் வேலை செய்த கடைக்கு வெளியே "தொலைபேசி திருத்துமிடம்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே நடந்த வேலையில் பாதி களவு. பாட்டு ஏற்றிக் கொடுப்பது களவு, படம் ஏற்றிக் கொடுப்பது களவு, கடைக் கணினியில் ஓடிய இயங்குதளமும் களவு. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் என்னை விழுத்தியது. களவுக்குக் கணக்குப் பாடம் தேவைப்படாததால் எனக்கு வேலை சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

கடையில் என்னோடு இருந்த கூட்டாளி வேறு மாதிரி ஆள். சண்டைக் காலத்தில் மன்னார்ப் பக்கமிருந்து வந்து கரையோர மாம்புரியில் குடியேறிய வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர். உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தான். லேசில் சிரிக்கமாட்டான். அதனால் அவனுக்கு நான் வைத்த பட்டம் பாதர். பதிலுக்கு அவன் என்னை மௌலவி என்றான். ஐந்து நேரத் தொழுகையில் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பிடிக்காதவனுக்கு அது நல்ல அடிதான்.

ஒருநாள் கடைக் கணினியில் வைரஸ் ஏறி எல்லாம் படுத்துவிட்டது. முதலாளி என்னைத்தான் ஏசினார், ஏனென்றால் வழக்கமாக நான்தான் காரணம். மறுநாள் காலையில் கூட்டாளி ஒரு டிஸ்க்கோடு வந்தான்.

"இதப் போடுவம் மச்சான். புது இயங்குதளம். சும்மா."

"களவா?"

"களவில்ல. சும்மா. ஆக்கள் எழுதி விட்டிருக்கிறாங்க."

"எந்தப் பேயன் சும்மா எழுதுவான்? சும்மா தாறவன் ஒண்ணு ஆள் புடிக்க வாறவன், இல்லாட்டி எலக்சன் கேக்க வாறவன்."

அவன் டிஸ்க்கைப் போட்டான். கணினி எழும்பும்வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. திரும்பவும் கேட்டேன், இதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று. அப்போதுதான் அவன் என் பக்கம் கதிரையைத் திருப்பினான்.

"உன்ட வாப்பாட போட் இஞ்சின் நடுக்கடல்ல நிண்டா என்ன செய்வார்?"

"மூடியத் திறப்பார். ப்ளக்கக் கழட்டி ஊதுவார். கொம்பனிக்காரன்ட பரம்பரைய ஏசுவார்."

"அந்த மூடிய ஒருத்தரும் திறக்க ஏலாம வெல்டிங் பண்ணி வித்திருந்தா?"

"கலிமா சொல்லுவார். வேறென்ன செய்யிற?"

"அவ்வளவுதான் விசயம்."

இவ்வளவு நாளும் நாங்கள் களவெடுத்து ஓட்டியவை எல்லாம் வெல்டிங் பண்ணியவை என்று அவன் சொன்னான். ஒரு மென்பொருளை மனிதர் முதலில் எழுத்தாகத்தான் எழுதுகிறார்கள். அந்த எழுத்துக்கு மூல நிரல் என்று பெயர். கணினிக்குப் புரிகிற மாதிரி அதை அரைத்து மாவாக்கித்தான் கடையில் விற்பார்கள். மாவைப் பார்த்து என்ன நெல் என்று சொல்லமுடியாது. இந்த டிஸ்க்குக்காரர்கள் மாவோடு நெல்லையும் தருகிறார்கள். ஓட்டிப் பார்க்கலாம், திறந்து படிக்கலாம், பிடிக்காததை மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்கும் கொடுக்கலாம். இந்த நான்குக்கும் எழுத்தில் அனுமதி இருக்கிறது. அதுதான் உரிமம்.

"ஒரு நிபந்தனதான்," என்றான். "இதுல இருந்து ஒண்டு செஞ்சு இன்னொருத்தன்ட கையில குடுத்தா, அவனுக்கும் நெல்லக் குடுக்கணும். நீ திறந்து பாத்தத அவனுக்குப் பூட்டேலாது."

"பூட்டினா?"

"களவு."

"பொலிசு வருமா?"

"வழக்குப் போடலாம்."

"எங்க? புத்தளம் கோட்டுலயா? நீதவான் ஐயாக்கு முதல்ல நெல்லு, மாவு எல்லாம் விளங்கப்படுத்தணுமே பாதர்."

எல்லா உரிமமும் இப்படி இல்லை, எடுத்து என்னவும் செய்துகொள் என்று விட்டுவிடுகிற உரிமங்களும் உண்டு என்றான். எனக்கு அவைதான் பிடித்திருந்தன. அவனுக்கு நிபந்தனை உள்ளதுதான் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "எங்கட ஊர்ல பெரியவன் எடுத்தா திருப்பித் தருவானா?" என்றான். அதற்கு நான் சிரித்தேன்.

அந்தக் காலத்தில் கடல் புதிதாகத் திறந்திருந்தது. சண்டை நடந்த காலம் முழுக்கக் கடலுக்குப் போக பாஸ் வேண்டும். கரையில் நேவிக்காரன் நின்று எண்ணி விடுவான், எண்ணி எடுப்பான். அவனை ஏசாத மீனவன் இல்லை. ஆனால் காற்று கெட்டால் அவனே துவக்கைக் குறுக்கே பிடித்து ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவான். சண்டை முடிந்ததும் பாஸும் போனது, மறிக்கிற ஆளும் போனான். ஆட்கள் பெரிய இஞ்சின் வாங்கினார்கள், தூரம் போனார்கள். வானிலைக் கந்தோர் எச்சரிக்கை விடும்தான். அது வானொலியில் போகிற நேரம் கடற்காரர் உறங்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது ஏற்கெனவே கடலில் இருப்பார்கள்.

என் வாப்பாவோடு தொழில் செய்த ஒருவர் அப்படித்தான் கடலில் மௌத்தானார். அவர் பேரில் கொடுத்த கந்தூரிச் சோறு தின்றுவிட்டு வந்த அன்றைக்குக் கூட்டாளி சொன்னான், "நாங்க ஒண்டு செய்வம்."

இணையத்தில் யாரோ எழுதி வைத்திருந்த ஒரு மென்பொருளை அவன் பிடித்தான். கணினியில் பழைய போன் ஒன்றைச் சொருகினால் ஒரே நேரத்தில் நூறு பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். நிபந்தனை உரிமத்தில் இருந்தது. அதன் மேலே நாங்கள் எங்கள் துண்டை ஒட்டினோம். எங்கள் துண்டு, வானிலைக் கந்தோரின் இணையப் பக்கத்தை அடிக்கடி எட்டிப்பார்க்கும். எங்கள் கடற்பக்கத்துக்கு எச்சரிக்கை இருந்தால் தமிழில் செய்தி அனுப்பும்.

முதலில் தமிழ் எழுத்துக்கள் பெட்டி பெட்டியாகப் போயின. அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் கூடிக் கதைக்கிற ஓர் இணையப் பக்கம் இருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள். கூட்டாளி காட்டித் தந்ததை வைத்து நான் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, ஒரு திருத்தம் எழுதி, கூட்டாளியின் ஆங்கிலத்தில் அனுப்பினேன். திருத்தத்தை அவர்கள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று ஒருவர் பொறுமையாக இரண்டு பந்தி எழுதியிருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிழை விட்டால் பிரம்பு. காரணம் எழுதித் தந்த முதல் மனிதனின் முகத்தைக்கூட நான் கண்டதில்லை. திருத்தத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். நான் பரீட்சை பாஸா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததைப் பார்த்து உம்மா, "எந்தக் குமர்ப்புள்ளைக்குப் பின்னால திரியிறா?" என்று கேட்டார்.

செய்தி எங்கள் ஊர்ப் படகுகளுக்குப் போகத் தொடங்கியது. போன் அலறுகிற மாதிரி ஒரு சத்தமும் வைத்துக் கொடுத்தோம். முதலாவது முறைப்பாடு ஒரு சம்மாட்டியிடமிருந்து வந்தது. அவருக்குச் சொந்தமாகப் படகுகளும் வலைகளும் இருந்தன. கடைக்குள் வந்து மேசையில் தட்டினார்.

"டேய், வெள்ளிக்கிழம ஒரு நாள்தான் மனிசன் நிம்மதியா உறங்குற. அண்டைக்கும் இது கத்துது. பொண்டாட்டி எழும்பிட்டா, புள்ள எழும்பிட்டு, கோழியும் எழும்பிட்டு."

"கடல் கெட்டிருந்த நானா."

"கெட்டாப்போல எனக்கென்ன? வெள்ளிக்கிழம எங்கட ஊர்ல எவன்டா கடலுக்குப் போற? ஜும்ஆ முடியாம ஒரு போட்டு எறங்குமா? இன்னொருக்கா கத்தினா தூக்கி வாய்க்கால்ல போட்டுருவேன், பொறகு மத்த நாள் கடல் கெட்டாலும் எனக்குச் சேதி இல்ல."

நியாயமான கதை. எங்கள் கரையில் வியாழன் பொழுது பட்டதிலிருந்து வெள்ளி ஜும்ஆத் தொழுகை வரை ஒரு படகும் இறங்காது. வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். ஆகவே ஒரு வரி சேர்த்தோம். அந்த நேரத்துக்குள் மென்பொருள் தூங்கும். அந்த வரிக்குப் பக்கத்தில், படிக்கிறவருக்கு விளங்கட்டும் என்று தமிழில் ஒரு குறிப்பும் வைத்தோம்: "வெள்ளி. கடலில் ஆளில்லை." எல்லாவற்றையும் இணையத்தில் போடும்போது கூட்டாளி முன்பக்க விளக்கத்தில் தடித்த எழுத்தில் எழுதினான்: இது எங்கள் ஊர் வழக்கம், வேறு கரையில் போடுகிறவர்கள் இந்த வரியை மாற்றவேண்டும். மாம்புரியில் வேதக்காரப் படகுகள் ஞாயிற்றுக்கிழமைதான் இறங்காது. வெள்ளி அவர்களுக்குப் பெரிய நாள். எங்கள் ஆட்கள் யாரும் போகாததால் அன்றைக்குச் சந்தையில் மீன் இருக்காது, இருக்கிற மீனுக்கு நல்ல விலை.

மாம்புரிக்கும் வைக்க வேண்டும் என்று கூட்டாளி சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுடைய அண்ணன் அங்கே ஒரு படகில் போனார். அண்ணனுக்கு என்னைப் பிடிக்கும், எனக்கும் அவரைப் பிடிக்கும், ஏனென்றால் பகிடிக்குப் பகிடி திருப்பித் தரக்கூடிய ஆள். சோதித்துப் பார்க்கிறேன் என்று அவருடைய போனுக்கு நான் கண்டபடி செய்தி அனுப்புவேன். "அண்ணே, கடல்ல சுறா உங்களக் கேட்டுத் திரியுது" என்று ஒன்று. "ஓம், உன்னக் கலியாணம் கட்டித் தரட்டாம்" என்று பதில் வந்தது.

நாங்கள் மாம்புரிக்குப் போகும்முன் கொழும்பிலிருந்து ஒரு திட்டம் போய்விட்டது.

வெள்ளை வான், தொப்பி, பதாகை. கரையோரம் முழுக்க மீனவர்களுக்குப் புதுப் போன் இனாமாகக் கொடுக்கிறார்கள், கடல் கெட்டால் அந்தப் போனே சொல்லும் என்றார்கள். மாம்புரியில் தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். கூட்டாளி அண்ணனுக்காகப் போனான், நான் இனாமாகக் கிடைக்கிற ரோல்ஸுக்காகப் போனேன். சட்டையைக் காற்சட்டைக்குள் விட்ட ஓர் உத்தியோகத்தர் நல்ல தமிழில் பேசினார். கடைசியில், "இப்போது பரிசோதனைச் செய்தி அனுப்புகிறோம், எல்லோரும் போனைப் பாருங்கள்" என்றார்.

மண்டபத்தில் இருந்த எல்லாப் போனும் ஒன்றாக அலறின. ஒருவர் செய்தியை உரத்துப் படித்தார்.

"மச்சான், இண்டைக்குக் கடல் வேணாம். ஊட்ட கெடந்து தேத்தண்ணி குடி."

மண்டபம் சிரித்து உருண்டது. உத்தியோகத்தர் ஒன்றும் விளங்காமல் தானும் சிரித்தார். அது நான் எழுதிய வசனம். எங்கள் மென்பொருளைச் சோதிப்பதற்காக நான் உள்ளே வைத்தது. நாங்கள் இணையத்தில் போட்டதை எடுத்து, போனுக்குள் அடைத்து, மேலே தங்கள் சின்னத்தை ஒட்டியிருக்கிறார்கள். எச்சரிக்கை வசனங்களை எல்லாம் செந்தமிழாக மாற்றியவர்கள் இதை மறந்துவிட்டார்கள். நான் எழும்பி நின்று பரிசு வாங்குகிறவன் மாதிரி நாலு பக்கமும் தலை குனிந்தேன்.

கூட்டாளி என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினான்.

"என்னடா? எங்கட சாமான் கொழும்பு போய் வந்திருக்கு, சந்தோசப்படு."

"இந்த வசனம் இருக்கெண்டா," என்றான், "வெள்ளிக்கிழம வரியும் இருக்கும்."

கூட்டம் முடிந்ததும் உத்தியோகத்தரைப் பிடித்தோம். கூட்டாளி ஆங்கிலமும் தமிழும் கலந்து எல்லாவற்றையும் சொன்னான். அவர் கெட்ட மனிதர் இல்லை. முழுக்கக் கேட்டார்.

"தம்பி, இது பரிசோதிச்சு சேர்ட்டிபிக்கட் எடுத்த சிஸ்டம்."

"வெள்ளிக்கிழம பரிசோதிச்சீங்களா ஐயா?"

"வெள்ளிக்கிழமைக்கு என்ன?"

"அண்டைக்குத்தான் இது உறங்கும்."

அவர் வெளியே நின்ற வெள்ளை வானைப் பார்த்தார். வானுக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "எழுதி அனுப்புங்க, டெக்னிக்கல் ஆக்களுக்குக் குடுக்கிறன்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் அண்ணனின் புதுப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு வெள்ளி விடிய வானிலைக் கந்தோர் சின்னதாக ஓர் எச்சரிக்கை போட்டது. போன் வாய் திறக்கவில்லை. அதே எச்சரிக்கை சனிக்கிழமையும் நீண்டது. சனி விடிய அலறியது. இனிச் சந்தேகம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை போன படகுகளுக்கு நல்லவேளை காற்று அடிக்கவில்லை. அதுவே பெரிய கேடாய்ப் போனது. போன் சத்தம் போடாவிட்டால் கடல் நல்லது என்று கரையில் எல்லோரும் பழகிவிட்டார்கள்.

கச்சான் காற்றுப் பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மேற்கிலிருந்து அது முதல்தரம் அடிக்கிற நாளில் கரையை விட்டு விலகி நிற்கிற படகுக்கு அல்லாதான் காவல். அதற்கு முன் அந்த ஒரு வரியை எடுத்துவிட வேண்டும். கூட்டாளிக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை. போன் எங்கள் கையில்தான் இருந்தது, ஆனால் திறக்கமுடியாது. வேறு எதையும் ஏற்றவும் விடாது. நான் பூட்டு உடைக்கிறதில் கெட்டிக்காரன், இந்தப் பட்டினத்தில் நான் திறக்காத போன் இல்லை. உடைத்துப் பார்த்தேன். போன் செத்தது. அண்ணன் திட்டத்துக்காரரிடம், "கடல்ல விழுந்திட்டு" என்று சொல்லி வேறு போன் வாங்கினார்.

மூல நிரலைக் கேட்கிற உரிமை போன் வாங்கியவருக்கு இருக்கிறது என்று உரிமம் சொல்கிறது. ஆகவே கூட்டாளி அண்ணனின் பேரிலேயே மின்னஞ்சல் எழுதினான்.

"எனக்கென்னத்துக்கடா அந்தக் கோதாரி?" என்றார் அண்ணன். "நான் வாசிக்கவா போறன்?"

"நீங்க வாசிக்க வேணாம் அண்ண. அவங்க தந்தா நான் ஒரு வரிய எடுத்திட்டுத் திரும்பப் போட்டுத் தருவன்."

"தராட்டி?"

"தரத்தான் வேணும். சட்டம்."

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "சட்டமாம் மௌலவி."

முதலில் தானியங்கிப் பதில் வந்தது. பிறகு உங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. கூட்டாளி பஸ் ஏறிக் கொழும்புக்கே போனான். பொழுது படும் நேரம் திரும்பி வந்து, கடை மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

"அவங்களுட்டயே இல்ல மச்சான்."

"என்ன இல்ல?"

"மூல நிரல். ஒரு கொந்தராத்துக் கொம்பனிக்குக் குடுத்துச் செஞ்சிருக்கிறாங்க. கொம்பனி மாவத்தான் குடுத்திருக்கு. கொந்தராத்து முடிஞ்சுது. இப்ப அந்தக் கொம்பனி போன் எடுக்குதில்ல. மாத்தோணும் எண்டாலும் அவங்களால ஏலாது."

"இணையத்தில எங்கட நெல் இருக்குதே. அத எடுக்கச் சொல்லு."

"சொன்னன். புதுசா டெண்டர் போடோணுமாம்."

நான் கடைக் கணினிப் பக்கம் கதிரையைத் திருப்பினேன். 

மிஞ்சியிருந்தது எங்கள் பழைய வழிதான். கடைக் கணினியில் மாம்புரிக்கென்று தனிப் பிரதி வைத்தோம், வெள்ளிக்கிழமை வரி இல்லாமல். கூட்டாளி வீடு வீடாகப் போய் நம்பர் சேர்த்தான். பாதிப்பேர் தந்தார்கள். பாதிப்பேர், வேறு ஆட்கள் அனுப்புகிற செய்தியை நம்பவேண்டாம் என்று திட்டத்துக்காரர் சொன்னதாகச் சொன்னார்கள். ஒரு சம்மாட்டி நேராகவே கேட்டார்: "கொழும்பு ஒண்டு சொல்லுது, கடைக்காரப் பொடியன் ஒண்டு சொல்லுறான். நான் எதத் தம்பி கேக்கிறது?"

ஒரு வியாழக்கிழமை பொழுது பட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வானிலைக் கந்தோர் எச்சரிக்கை போட்டது. மேற்குக் கரை, பலத்த காற்று, கொந்தளிப்பு. எங்கள் கணினி உடனே மாம்புரி நம்பர்களுக்கு அனுப்பியது. கூட்டாளி அண்ணனுக்குப் போன் எடுத்து, நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான்.

"அண்ண, செய்தி வந்ததா?"

"வந்தது. ஆனா அந்தப் போன் ஒண்டும் சொல்லேல்லையே."

"அது வெள்ளிக்கிழம சொல்லாது. எத்தின தரம் சொல்லிப்போட்டன்?"

"டேய், பக்கத்துப் படகெல்லாம் நாளைக்கு இறங்குது. நாளைக்கு வெள்ளி, மீனுக்கு விலை. நான் மட்டும் கரையில நிண்டா சம்மாட்டி வேற ஆள ஏத்துவார்."

நான் வாயை வைத்தேன். "அண்ணே, இது மெய்யாத்தான். போவாதீங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சுறா கேட்டனுப்பினதா மௌலவி?"

"அல்லாவறிய அண்ணே, பகிடியில்ல."

"சரி, சரி. விடிய எழும்பிக் காத்தப் பாக்கிறன்."

விடிய அவர் எழும்பிப் பார்த்தபோது காற்று இல்லை. மரத்தில் ஓர் ஓலை அசையவில்லையாம். கச்சான் பிறக்கிற நாளில் முதலில் அப்படித்தான் செத்துக் கிடக்கும். அது அவருக்கும் தெரியும். ஆனால் கையில் இருந்த போன் ஒன்றும் சொல்லாமல் இருந்தது. படகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவரும் இறங்கினார்.

வெயில் ஏறும் நேரம் காற்று வந்தது. நான் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்றேன். தென்னைகளெல்லாம் ஒரே பக்கம் தலையை விரித்தன. எங்கள் படகுகள் எல்லாம் மணலில் வரிசையாகக் கிடந்தன, வெள்ளிக்கிழமை அல்லவா. சைக்கிளை எடுத்துக்கொண்டு மாம்புரிக்கு ஓடினேன். ஜும்ஆ தவறியது.

கரையில் ஊரே நின்றது. யாரும் கத்தவில்லை. கடல் போட்ட சத்தத்தில் கத்தினாலும் கேட்டிருக்காது. ஒவ்வொரு படகாக உள்ளே வந்தது. ஒன்று வரும்போது எண்ணுகிற வேலையை ஒரு கிழவர் தானாகவே எடுத்துக்கொண்டார். கடைசியாக வந்த படகில் அண்ணனோடு போன மற்ற ஆள் இருந்தார். நீரில் மிதந்துகொண்டிருந்தவரைப் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். அவர் மணலில் குந்தியிருந்து, அண்ணனின் மனைவியின் முகத்தைப் பாராமல், "படகு பிரண்டிட்டு, கையப் பிடிச்சிருந்தன்" என்று மட்டும் சொன்னார். கூட்டாளி எண்ணிக்கொண்டிருந்த கிழவரிடம் போய், "சரியா எண்ணினீங்களா?" என்று கேட்டான். கிழவர் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது, வடக்கே சவம் ஒதுங்கியிருக்கிறது என்று செய்தி வந்தது.

அடக்கம் முடிந்தபிறகு வெள்ளை வான் வந்தது. அந்த உத்தியோகத்தர்தான். மலர்வளையம் கொண்டுவந்தார். கண் கலங்கித்தான் இருந்தது, நடிப்பு என்று சொல்லமாட்டேன். கூட்டாளியை வேலிக்குப் பக்கத்தில் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

"தம்பி, இப்ப சொல்லுற நேரமில்ல. ஆனா உங்கட மென்பொருள்லயே எழுதியிருக்கு. போன்லயும் அது இருக்கு. இது எந்த உத்தரவாதமும் இல்லாமத் தரப்படுது, வாற நட்டத்துக்கு எழுதினவங்க பொறுப்பில்ல எண்டு. அந்த லைசன்படி எங்களுக்கும்…"

இலவச மென்பொருள் உரிமம் எல்லாவற்றிலும் அந்தப் பந்தி இருக்கும். சும்மா எழுதிக் கொடுத்தவனை நாளைக்கு யாரும் கோட்டுக்கு இழுக்கக்கூடாது என்று வைத்த பந்தி. நான் ஒருநாளும் அதைப் படித்ததில்லை. கூட்டாளி படித்திருந்தான்.

"அந்தப் பந்திய வச்சிருக்கிறீங்க ஐயா," என்றான். குரல் உயரவேயில்லை. "அதுக்கு மேல ஒரு பந்தி இருந்தது. திறந்து பாக்கலாம், மாத்தலாம், நிரலையும் குடுக்கோணும் எண்டு. அத எங்க வெட்டிப் போட்டீங்க?"

உத்தியோகத்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "கொந்தராத்துக்காரருக்கு அறிவிச்சிருக்கிறம்" என்றார்.

அவர் போனபிறகு நான் கேட்டேன், வழக்குப் போடுவோமா என்று. அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எங்க? புத்தளம் கோட்டுலயா?" என்றான். அது என்னுடைய பகிடி. அவன் வாயில் அதைக் கேட்க ஏலாமல் இருந்தது.

அதன்பிறகு கூட்டாளி கடைக்கு வரவில்லை. நான் தனியே இருந்து போன்களுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பின்நேரம் அண்ணனின் மனைவி கடைக்கு வந்தார். கறுப்புச் சேலை. கையில் திட்டத்துப் போன்.

"அக்கா, இரிங்க," என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை.

"தம்பி, அது ஒரு வரி எண்டு அவர்ட தம்பி சொன்னார். எனக்குக் காட்டு."

"போனுக்குள்ள பாக்க ஏலா அக்கா. பூட்டியிரிக்கி. எங்கட கொம்பியூட்டர்ல இரிக்கி, அதே வரி."

"அதக் காட்டு."

எங்கள் ஊருக்கு ஓடுகிற பிரதியைத் திறந்தேன். ஆங்கில எழுத்துக்களுக்கு நடுவில் அந்தத் தமிழ்க் குறிப்பு தனியாகத் தெரிந்தது. அவர் குனிந்து, திரையில் விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"வெள்ளி. கடலில் ஆளில்லை."

வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.  

"இத எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"உடன எடுக்கலாம் அக்கா."

"உடனயா?"

"ஓம்."

"அப்ப அவங்கள் ஏன் எடுக்கேல்ல?"

டெண்டர், கொந்தராத்து, நெல்லு, மாவு எல்லாம் எனக்குத் தெரியும். மற்ற ஆட்களுக்கு விளங்கப்படுத்தியும் இருக்கிறேன்.  "அவங்கட கையில அந்தப் பூட்டுக்குத் தொறப்பு இல்ல அக்கா" என்றேன்.

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ட தம்பி நாளைக்கு இறங்கப் போறான். நாளைக்கும் வெள்ளி. கரையில இப்பவும் எல்லாரும் இதத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். ரேடியோவில சொன்னாலும் கேக்கிறாங்களில்ல, நீ அனுப்பினாலும் கேக்கிறாங்களில்ல."

"ஓம் அக்கா. நான் அனுப்பினா பகிடி எண்டு நெனக்கிறாங்க."

"அவரும் அப்பிடித்தான் சொன்னவர்." அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அதுதான் இன்னும் கனமாக இருந்தது. "என்ட நம்பரப் போடு."

"எதுக்கு அக்கா?"

"உன்ட செய்தி எனக்கு வரட்டும். வந்தா நான் கரைக்குப் போய் நிப்பன். இந்தச் சேலையோட நிண்டு போகாதேங்கோ எண்டா, எவன் எனக்கு முன்னால படகத் தள்ளுவான் எண்டு பாப்பம்."

மாம்புரிப் பட்டியலில் அண்ணனின் நம்பர் இருந்த இடத்துக்குக் கீழே அவருடைய நம்பரை அடித்தேன். சரியா என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்து, ஒவ்வொரு இலக்கமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, ஓம் என்றார். பிறகு சோதித்துக் காட்டச் சொன்னார்.

சோதனைச் செய்தியில் இன்னும் என்னுடைய அந்தப் பழைய வசனம்தான் இருந்தது. அதை அழித்துவிட்டு, "கடல் கெட்டிருக்கிறது. இறங்க வேண்டாம்." என்று எழுதி அனுப்பினேன். அவர் இடுப்பில் சொருகியிருந்த சின்னப் போன் அலறியது. அவர் எடுத்து வாசித்தார். தலையாட்டினார். திட்டத்துப் போனை என் மேசையிலேயே விட்டுவிட்டு, மாம்புரி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.